கேப்டன் கடலில் இருக்கும்போது கேப்டனின் கைப்பட்டையைக் கட்டுவது யார்? அணித்தலைமையைப் பகிர்ந்துகொள்வது குறித்து

அமரக்காரன், பாம்பன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கால்பந்து அணிக்கு ஏழு ஆண்டுகளாகச் செயலாளராக இருக்கிறேன். நெடுநாளாக மனத்தில் கிடந்த ஒரு கேள்வியை, சென்ற மாதம் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை. நம் கடற்கரையில் அணி நடத்துகிறவர்களும் ஆடியவர்களும் நடுவர்களும் மனம் திறந்து பதில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் கேப்டன் விசைப்படகில் தொழில் செய்கிறவர். நம் தீவின் விசைப்படகுகள் பெரும்பாலும் திங்கள், புதன், சனி என வாரத்தில் மூன்று நாட்கள் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரை திரும்புகின்றன என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஆட்டங்களோ ஞாயிற்றுக்கிழமை மாலையில் வைக்கப்படுகின்றன. அதாவது சனிக்கிழமை இரவு முழுவதும் வலை இழுத்து, காலையில் மீன் இறக்கி, பங்குக் கணக்குப் பார்த்து, இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு வருகிறவர்தான் மாலை நான்கரை மணிக்குப் பட்டையைக் கட்டிக்கொண்டு டாஸுக்கு நிற்க வேண்டும். ஐந்து ஆண்டுகளாக அவர் அப்படித்தான் வந்து நின்றார். ஒருநாளும் குறை சொன்னதில்லை.

சென்ற மாதம் ஒரு மின்னொளித் தொடரில் எங்களுக்குக் காலிறுதி ஆட்டம். அன்று அவருடைய படகு வரவில்லை. இன்ஜின் பழுதாகி, வேறொரு படகு கயிறு கட்டி இழுத்துவந்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. பட்டை அவர் வீட்டில் இருந்தது. நடுவர் "கேப்டன் யார்?" என்று கேட்டபோது எங்கள் பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலுதவிப் பெட்டியில் இருந்த பேண்டேஜ் துணியைக் கிழித்து, வயதில் மூத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக வலது பேக் ஆடுகிறவர் கையில் கட்டினோம்.

இரண்டாம் பாதியில் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. எப்போதும் அதை அடிப்பவர் கேப்டன்தான். அவர் இல்லாததால் எங்கள் ஃபார்வர்டும் நடுக்கள ஆட்டக்காரரும் ஒரே நேரத்தில் பந்தைப் பிடித்தார்கள். ஒருவர் கை பந்தின் மேலே, மற்றவர் கை அடியிலே, இருவரும் விடவில்லை. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேண்டேஜ் கட்டியிருந்தவர் பாதி மைதானம் ஓடிவந்து நின்றார். ஆனால் யாரிடம் கொடுக்கச் சொல்வது என்று அவருக்கே தெரியவில்லை. வலுவாக இழுத்தவர் அடித்தார். பந்து கம்பத்துக்கு மேலே போய் இருட்டுக்குள் விழுந்தது. ஒரு கோலில் தோற்றோம். அந்த இருவரும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

இது சிறிய ஊர்களுக்கு மட்டும் உரிய குழப்பம் அன்று. 2017 செப்டம்பரில் லியோன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் பாரிஸ் அணியின் நெய்மாரும் கவானியும் பெனால்டிக்காகத் தகராறு செய்ததை உலகமே பார்த்தது. கவானி அடித்த பந்து கோலாகவில்லை. கோடிகளில் சம்பளம் வாங்குகிறவர்களிடையே கூட, யார் அடிப்பது என்று முன்கூட்டியே தீர்த்து வைக்காவிட்டால் இப்படித்தான் ஆகிறது.

ஆகவே என் யோசனை இது. கேப்டன் வேலையை ஒரே ஆள் தலையில் சுமத்தாமல் பிரித்துவிடலாம். நடுவரிடம் பேசுகிறவர் ஒருவர், பெனால்டி, ஃப்ரீ கிக் ஆகியவற்றைத் தீர்மானிக்கிறவர் ஒருவர், பின்வரிசையைக் கூப்பிட்டு நிறுத்துகிறவர் ஒருவர். களத்துக்கு வெளியே பையன்களைப் பயிற்சிக்கு வரவழைப்பதும் காயம்பட்டவனை வீட்டில் போய்ப் பார்ப்பதும் இன்னொருவர் பொறுப்பு. இதை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். பாதிப்பேர் வரவேற்றார்கள், பாதிப்பேர் இன்னும் பதிலே போடவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?


பழைய சென்டர்பேக், கீழக்கரை

தம்பி அமரக்காரனுக்கு, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் மருந்து தவறு என்று நினைக்கிறேன்.

என் வாப்பா தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்தும் தலைவராக, இருந்தவர். ஒரு தோணிக்கு ஒரு தண்டல்தான். காற்று திரும்பும்போது பாயை இறக்குவதா வைத்திருப்பதா என்று நான்கு பேர் கூடிப் பேசிக்கொண்டிருந்தால் பேச்சு முடிவதற்குள் தோணி கவிழ்ந்துவிடும். கால்பந்திலும் அப்படிப்பட்ட ஒரு நிமிடம் வரும். அந்த நிமிடத்தில் பத்துப் பேரும் ஒரே முகத்தைப் பார்க்க வேண்டும்.

1950ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று பிரேசிலின் மரக்கானா மைதானத்தில், உலகக் கோப்பை யாருக்கு என்பதைத் தீர்மானித்த ஆட்டத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் கூடியிருந்த இடத்தில், இரண்டாம் பாதி தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில் பிரேசில் கோல் போட்டது. மைதானமே அதிர்ந்தது. உருகுவேயின் கேப்டன் ஒப்துலியோ வரேலா என்ன செய்தார்? வலைக்குள் கிடந்த பந்தை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு மெல்ல நடந்துபோய், ஆஃப்சைடு என்று சொல்லிக் கோட்டு நடுவரிடம் வாதாடத் தொடங்கினார். வாதத்தில் ஜெயிப்பது அவர் நோக்கம் இல்லை. கூட்டத்தின் கூச்சல் அடங்க வேண்டும், தன் ஆட்களுக்கு மூச்சு திரும்ப வேண்டும், அவ்வளவுதான். உருகுவே அந்த ஆட்டத்தை இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. அந்தப் பந்தை எடுக்கப் போவது யார் என்று மூன்று பேருக்குப் பொறுப்பைப் பிரித்துக் கொடுத்திருந்தால், மூன்று பேரும் மற்ற இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

எண்பதுகளில் நான் ஆடிய அணியில் கேப்டனுக்கும் எனக்கும் ஆகாது. ஆனாலும் களத்தில் அவர் "ஏறு" என்றால் ஏறுவேன், "நில்" என்றால் நிற்பேன். அவர் ஒருவர் என்பதால்தான் அது முடிந்தது. உங்களுக்கு வேண்டியது பல தலைவர்கள் இல்லை. கரையிலேயே இருக்கிற ஒரே தலைவர்.


விசில், இராமநாதபுரம்

நான் மாவட்ட அளவில் நடுவராகப் பணியாற்றுகிறேன். விதிகள் என்ன சொல்கின்றன என்பதை மட்டும் முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். பாதி வாதங்கள் அது தெரியாததால் வருகின்றன.

ஒவ்வோர் அணிக்கும் களத்தில் ஒரு கேப்டன் இருக்க வேண்டும், அவர் அடையாளப் பட்டை அணிந்திருக்க வேண்டும் என்று மூன்றாம் விதி சொல்கிறது. பட்டையைக் கட்டாயம் என்று 2024-25 பருவ விதிப் புத்தகத்தில்தான் சேர்த்தார்கள். அதே விதி, கேப்டனுக்குச் சிறப்புத் தகுதியோ சலுகையோ எதுவும் கிடையாது என்றும், அணியின் நடத்தைக்கு அவருக்கு ஓரளவு பொறுப்பு உண்டு என்றும் சேர்த்தே சொல்கிறது. நம் ஊர்களில் பட்டை கட்டியவர் நடுவரை அதட்டலாம் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. அது சரியன்று.

2024 ஐரோப்பியக் கோப்பையில் இன்னொரு நடைமுறையைக் கொண்டுவந்தார்கள். ஒரு முடிவுக்கு விளக்கம் கேட்டு நடுவரை அணுகக் கேப்டன் ஒருவருக்கே அனுமதி. மற்றவர்கள் சூழ்ந்துகொண்டால் மஞ்சள் அட்டை. கேப்டன் கோல்கீப்பராக இருந்தால், அவர் அவ்வளவு தூரம் ஓடிவர முடியாது என்பதால், களத்து ஆட்டக்காரர் ஒருவரை அதற்காக முன்கூட்டியே குறித்துக் கொடுக்கலாம். இப்போது போட்டி அமைப்பாளர்கள் விரும்பினால் எந்த மட்டத்திலும் இதைப் பின்பற்றலாம்.

ஆகவே பெரியவர் சொல்வதும் சரி, செயலாளர் சொல்வதும் சரி. எனக்குத் தெரிய வேண்டியது ஒரே ஓர் ஆள். ஆனால் பெனால்டியை யார் அடிக்கிறார், பின்வரிசையை யார் கூப்பிடுகிறார் என்பதைப் பற்றி விதிப் புத்தகம் ஒரு சொல்லும் சொல்வதில்லை. அடிப்பவர் யார் என்பது உதைக்கு முன் எனக்குத் தெரிந்தால் போதும். சமநிலையை முறிக்கும் பெனால்டிகளில்கூட யார் எந்த வரிசையில் அடிக்கிறார்கள் என்பதை நடுவரிடம் தெரிவிக்க வேண்டியதில்லை. அதை அணியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அன்று உங்கள் ஆட்டத்துக்கு நான் நடுவர் இல்லை. இருந்திருந்தால் நானும் கடிகாரத்தைத்தான் பார்த்திருப்பேன்; அந்த இடத்தில் நடுவரால் செய்யக்கூடியது வேறில்லை.


ஷார்ஜாவில் ஒரு பனைக்குளத்தான்

அஸ்ஸலாமு அலைக்கும். கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் இரண்டு அனுபவங்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, பிரேசில். 2016க்குப் பிறகு பயிற்சியாளர் திதே ஆட்டத்துக்கு ஆட்டம் கேப்டனை மாற்றினார். 2018 உலகக் கோப்பையில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக மார்செலோ, கோஸ்டாரிகாவுக்கு எதிராகத் தியாகோ சில்வா, செர்பியாவுக்கு எதிராக மிராண்டா என்று பட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. பொறுப்பு ஒருவர் மேல் மட்டும் அழுந்தக் கூடாது என்பது அவர் எண்ணம். காலிறுதியில் பெல்ஜியத்திடம் தோற்றார்கள். ஆனால் அதற்குக் காரணம் பட்டை என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, நம் இந்திய அணி. 2019 ஆசியக் கோப்பையில் பயிற்சியாளர் கான்ஸ்டன்டைனும் இதையே செய்தார். தாய்லாந்தை நான்குக்கு ஒன்று என்று வென்ற முதல் ஆட்டத்தில் கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து கேப்டன். ஜனவரி 14 அன்று இங்கே ஷார்ஜாவில் பஹ்ரைனுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில் பிரணய் ஹால்தர் கேப்டன். அந்த ஆட்டத்தை நான் மைதானத்தில் இருந்து பார்த்தேன். சமநிலையில் முடிந்தாலே அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம். தொண்ணூறு நிமிடமும் தாக்குப்பிடித்தோம். கூடுதல் நேரத்தில் பெட்டிக்குள் ஹால்தர் காலை நீட்டினார், பெனால்டி, கோல். பட்டை கட்டிய கையால் அவர் முகத்தை மூடிக்கொண்டதாக என் நினைவு. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று அவர் களம் முழுக்க ஓடி உழைத்த உழைப்பு சிறிதன்று.

ஆனால் அந்தக் கடைசிப் பத்து நிமிடங்களில் எனக்கு ஒன்று பட்டது. பட்டை சுற்றி வருவது வேறு, வேலை பகிரப்படுவது வேறு. ஆட்டத்துக்கு ஆட்டம் பட்டையைக் கொடுத்துவிட்டு, "உனக்கு எது பொறுப்பு, உன் பக்கத்தில் நிற்பவனுக்கு எது பொறுப்பு" என்று சொல்லாமல் விட்டால், ஒரே சுமை ஆள் மாறி ஆள் மேல் விழுகிறதே தவிரக் குறைவதில்லை. பார்சிலோனாவில் ஆட்டக்காரர்களே வாக்களித்துப் பல கேப்டன்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2015இல் சாவி போன பிறகு இனியெஸ்டா, புஸ்கெட்ஸ், மெஸ்ஸி, மாஸ்செரானோ என்று நால்வரைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல்வர் இல்லாத நாளில் இரண்டாமவர், அவரும் இல்லாவிட்டால் மூன்றாமவர். ஒழுங்கு முன்கூட்டியே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பேண்டேஜ் துணியைத் தேட வேண்டியதில்லை.


பி.டி. டீச்சர், தொண்டிப் பக்கம்

நான் ஒரு பள்ளியில் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். 2019இல் மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் அணி இந்திய மகளிர் லீக்கை வென்றதிலிருந்து எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் பந்தைத் தொடத் துணிந்தார்கள் என்பதை மகிழ்ச்சியோடு சொல்கிறேன்.

ஓராண்டு முழுவதும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு பிள்ளையைக் கேப்டனாக்கினேன். பலன் இருந்தது. வகுப்பில் கேள்வி கேட்டால் தலை நிமிராத இடது பேக் பிள்ளை ஒருத்தி, பட்டையைக் கட்டிய அன்று "லாத்தா, உள்ளே வா, உள்ளே வா" என்று மூத்த பிள்ளையைக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தினாள். அவளுக்குள் அப்படி ஒரு குரல் இருந்தது என்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. தோல்வியும் இருந்தது. வட்டார இறுதி ஆட்டம் யாருடைய முறையில் வந்ததோ அந்தப் பிள்ளை காலையிலிருந்தே அழுதுகொண்டிருந்தாள். அவளை அந்த நிலையில் நிறுத்தியது என் பிழை. இப்போதெல்லாம் பயிற்சி ஆட்டங்களில் மட்டும் பட்டையைச் சுற்றி விடுகிறேன். போட்டிக்குப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கும் ஒருத்தி.

தலைமையைப் பகிர்வது என்றால் எனக்கு நினைவுக்கு வருவது 2021 ஜூன் 12, கோபன்ஹேகன். டென்மார்க்கின் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே இதயத்துடிப்பு நின்று சரிந்தார். கேப்டன் சிமோன் கியர் ஓடிவந்து அவருடைய மூச்சுப்பாதையைக் கவனித்தார்; மருத்துவர்கள் வந்ததும், படம் பிடிக்கிறவர்கள் கண்ணில் படாதபடி தோழர்களைச் சுற்றி அரணாக நிற்க வைத்தார். எரிக்சனின் துணைவி களத்துக்கு வந்தபோது கியரும் கோல்கீப்பர் காஸ்பர் ஷ்மைக்கேலும் சேர்ந்துபோய் அவரைத் தாங்கிக்கொண்டார்கள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஷ்மைக்கேல் கையில் பட்டை இல்லை. அதனால் கியரின் தலைமை குறைந்துவிடவும் இல்லை.


பழைய சென்டர்பேக், கீழக்கரை

டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் யோசித்தேன். என் வாப்பாவின் தோணியிலும் அணியத்தில், அதாவது முன்முனையில், ஓர் ஆள் நின்று நீரின் நிறத்தைப் பார்த்துப் பாறை இருக்கிறதா என்று குரல் கொடுத்துக்கொண்டே வருவார். அவர் "வலத்தே" என்றால் வாப்பா ஏன் என்று கேட்காமல் வலத்தே திருப்புவார். அவர் தண்டல் இல்லை. ஆனால் அந்த இடத்தில் அவர் சொல்தான். இதை நான் மறந்து எழுதிவிட்டேன்.

இருந்தாலும் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். வேலையைப் பிரியுங்கள், பட்டை ஒரு நேரத்தில் ஒருவருக்கே என்பது எல்லாருக்கும் தெரியும்படி இருக்கட்டும். இன்னொன்றும் கேட்க வேண்டும். தம்பி அமரக்காரன், இந்த யோசனையை உங்கள் கேப்டனிடம் நேரில் போய்ச் சொன்னீர்களா? உங்கள் பதிவில் அந்த இடம் மட்டும் இல்லை.


ஏழாம் எண், பாம்பன்

நான்தான் அந்தக் கேப்டன். இங்கே எழுதுவேன் என்று நினைக்கவில்லை. பெரியவர் கேட்டதால் எழுதுகிறேன்.

என்னிடம் நேரில் யாரும் சொல்லவில்லை. அன்று இரவு பத்து மணிக்குக் கரை சேர்ந்தோம். போனில் சிக்னல் வந்தவுடன் முதலில் தெரிந்தது தோற்றுவிட்டோம் என்பது. நான்கு நாள் கழித்து, புதன்கிழமை கடலுக்குப் போய்விட்டு வியாழன் காலையில் வந்து பார்த்தபோது, குழுவில் செயலாளர் அண்ணனின் செய்தியும் அதற்குக் கீழே இருபத்தேழு பதில்களும் இருந்தன. ஐந்து வருடம் நான் சுமந்ததைப் பற்றி நான் இல்லாத இடத்தில் பேசி முடித்திருந்தார்கள். பட்டை போனால் போகட்டும். அது ஒரு துணி. ஆனால் ஐஸ் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் துறையில் நின்றபடி அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்டதை இங்கே எழுதத் தெரியவில்லை.

ஆனால் அண்ணன் சொன்ன விஷயம் சரிதான். அதை நானே முன்பே சொல்லியிருக்க வேண்டும். தூக்கமில்லாமல் வந்து ஆடும் நாட்களில் கடைசி இருபது நிமிடம் எனக்குக் கால் ஓடுவதில்லை, வாயும் ஓடுவதில்லை. பையன்களைத் திட்டத்தான் தோன்றுகிறது. கேப்டன் என்பதற்காக என்னை வெளியே எடுக்கவும் யாரும் துணிவதில்லை.

எனக்கு ஒரு வழி தோன்றுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் எல்லாரும் கரையில் இருக்கிறோம். பெரிய தொடர்களும் அந்தக் கோடையில்தான் வருகின்றன. அந்தக் காலத்துக்கு நான் கேப்டனாக இருக்கிறேன். ஜூன் 15க்குப் பிறகு, ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிற நம் நடுக்கள ஆட்டக்காரர் கேப்டனாக இருக்கட்டும். அவர் எந்த ஞாயிறும் கரையில் இருப்பார். அவர் இருக்கும்போது நான் வெறும் ஏழாம் எண். நான் வராத நாளிலும் வந்த நாளிலும் அதுவே.


பழைய சென்டர்பேக், கீழக்கரை

தம்பி, நீங்கள் எழுதியது நன்று. 1978இல் அர்ஜென்டினாவுக்காக உலகக் கோப்பையைத் தூக்கிய கேப்டன் பசரேல்லா. 1983இல் புதிய பயிற்சியாளர் பிலார்தோ வந்து கேப்டன் பொறுப்பை மரதோனாவுக்குக் கொடுத்தார். ஆட்டத்தைப் பொறுத்தவரை அந்த முடிவு சரி என்பதை 1986 காட்டியது. ஆனால் பசரேல்லா அந்த உலகக் கோப்பையில் அணியில் இருந்தும் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை; உடல்நலமும் ஒரு காரணம். அவருக்கும் மரதோனாவுக்கும் இருந்த கசப்பு கடைசிவரை ஆறவில்லை. அவர்களுக்குக் கோப்பை கிடைத்ததால் உலகம் அதை மறந்தது. நம் ஊரில் கோப்பை கிடைத்தாலும், இரண்டு குடும்பங்கள் ஒரே தெருவில்தான் இருந்தாக வேண்டும். செயலாளர் தம்பி இன்றைக்கே அவர் வீட்டுக்குப் போக வேண்டும்.


அமரக்காரன், பாம்பன்

காக்கா சொன்னபடி நேற்றிரவு போனேன். திண்ணையில் அவர் வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். என் மேல்தான் தவறு என்று சொன்னேன். அவர் ஊசியை நிறுத்தாமல் "டீ குடிங்கண்ணே" என்றார். அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் பேசினோம்.

முடிவானதை எழுதுகிறேன், மற்ற அணிகளுக்கும் உதவலாம். தடைக்காலத்துக்கு ஏழாம் எண், தொழில்காலத்துக்கு ஐஸ் கம்பெனித் தம்பி. இருவரும் இல்லாத நாளில் வலது பேக் ஆடுகிற மூத்தவர். கார்னருக்கும் ஃப்ரீ கிக்குக்கும் எதிராகப் பின்வரிசையை நிறுத்துவது கோல்கீப்பர் பொறுப்பு. அந்த நேரத்தில் கேப்டனும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும். பெனால்டி அடிக்கும் வரிசையை ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் ஒரு தாளில் எழுதிக் கோல்கீப்பர் பையில் வைக்க வேண்டும். களத்தில் அந்த வரிசையை மாற்றும் அதிகாரம் கேப்டனுக்கும் கிடையாது. இந்தக் கடைசி விதியை ஏழாம் எண்தான் வற்புறுத்தினார்.

முதல் பெயராக யாரை எழுதுவது என்று கேட்டேன். அன்று மேலே அடித்தவன் பெயரை எழுதச் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, எழுதிவிட்டேன்.

நாட்டுப்படகுப் பையன்கள் மூவருக்கு இந்தக் காலப் பிரிவினை பொருந்தாது. அவர்களுக்குத் தடைக்காலம் இல்லை. அவர்கள் போகும் நாட்களும் வேறு. அதைப் பற்றி அவர்களோடு தனியே பேச வேண்டும். பட்டை இரண்டு வாங்கியாயிற்று. இரண்டும் அணியின் பந்துப் பையில் இருக்கும், யார் வீட்டுக்கும் போகாது.


விசில், இராமநாதபுரம்

நல்ல ஏற்பாடு. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேப்டனை மாற்று ஆட்டக்காரருக்காக வெளியே எடுக்கும்போதும் அவர் சிவப்பு அட்டை பெறும்போதும் பட்டை உடனே அடுத்தவர் கைக்குப் போக வேண்டும். நம் தொடர்களில் பலமுறை பட்டையோடு வெளியே போய் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று டாஸ். 2019 முதல் டாஸ் வென்றவர், தாக்கும் பக்கத்தையோ தொடக்க உதையையோ தேர்ந்தெடுக்கலாம். கச்சான் என்னும் மேல்காற்று வீசும் மாதங்களில் இது சிறிய விஷயம் அன்று. புதிய கேப்டனுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்.


அமரக்காரன், பாம்பன்

சென்ற ஞாயிறு முதல் ஆட்டம் முடிந்தது. நட்பு ஆட்டம்தான். சனிக்கிழமை கடலுக்குப் போன ஏழாம் எண் இந்த முறை நேரத்தோடு வந்துவிட்டார். உடை மாற்றும் இடத்தில் பந்துப் பையிலிருந்து பட்டையை அவரே எடுத்து ஐஸ் கம்பெனித் தம்பியின் கையில் கட்டினார். தம்பியின் கை மெலிந்தது, பட்டை நழுவியது, ஓரத்தை மடித்து ஊக்குக் குத்த வேண்டியிருந்தது.

டாஸ் நமக்கு விழுந்தது. மேற்கே கச்சான் மணலை வாரிக்கொண்டு வீசியது. ஏழாம் எண்ணாக இருந்தால் முதல் பாதியிலேயே காற்றை முதுகுக்கு எடுத்திருப்பார்; பொழுது சாயச் சாய அந்தக் காற்று தணியும் என்பது கடலுக்குப் போகிறவருக்குத் தெரியும். தம்பி காற்றுக்கு எதிராக ஆடுவதைத் தேர்ந்தெடுத்தார். களைத்த பிறகு இரண்டாம் பாதியில் காற்று உதவும் என்பது அவர் கணக்கு. நான் கோட்டருகே நின்று ஏழாம் எண்ணின் முகத்தைப் பார்த்தேன். அவர் தம்பியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தன் இடத்துக்கு ஓடினார்.

இரண்டாம் பாதியில் காற்று தணிந்துவிட்டது. ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. ஆட்டம் முடிந்து மணலில் உட்கார்ந்திருந்தபோது, கச்சான் எத்தனை மணிக்கு விழும் என்று தம்பியே அவரிடம் கேட்டார். மக்ரிப் பாங்கு சொல்லும்வரை இருவரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். பெனால்டி கிடைக்கவில்லை, தாள் மடித்தபடியே கோல்கீப்பர் பையில் இருக்கிறது.